முதல் நாள் எதைப் போடுவது?

மதுரையில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் குடியிருப்பின் மொட்டைமாடி அறையில் ஞாயிறு மாலைகளில் இசை கேட்கும் கூட்டம் ஒன்றைத் தொடங்கப் போகிறார். கர்நாடக சங்கீதமும் கிடையாது, சினிமாப் பாட்டும் கிடையாது. மேற்கத்திய செவ்வியல், அதிலும் 1900க்குப் பிறகு எழுதப்பட்டது மட்டும். "வரப்போறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு மொசார்ட்னு பேரைக் கேட்டிருப்பாங்க, அவ்வளவுதான். முதல் நாள் எதைப் போட்டா ரெண்டாவது வாரமும் வருவாங்க?" என்று போனில் கேட்டார்.

இந்தக் கேள்வியோடு நான் மூன்று வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன். சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மாதம் ஒரு ஞாயிறு. சாதாரணமாக எட்டுப் பேர் வருவார்கள், சில மாதம் பதினொன்று. ஒரு மாதம் நானும் என் மனைவியும் மட்டும். அந்த மாதம் என்ன போட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு கதவு சுலபமாகத் திறக்கிறதா என்று மட்டும்தான் முதலில் பார்த்தேன். திறந்தபின் எந்த அறைக்குள் போய் நிற்கிறோம் என்று ரொம்ப நாள் யோசிக்கவே இல்லை. கீழே வருகிற ஒப்பீடெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்வதுதான்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வரலாற்று வரிசை. எனக்கும் அதுதான் தோன்றியது. தெபுஸ்ஸியில் ஆரம்பித்து, ஸ்ட்ராவின்ஸ்கி, ஷோன்பெர்க், வெபர்ன் என்று இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் வழியே படிப்படியாக இறங்கினால் காது தானாகப் பழகிவிடும் என்று கணக்குப் போட்டேன். குறிப்பேடு, தேதிகள், பாரிஸ் வரைபடம் எல்லாம் தயார். 1913 மே 29 அன்று பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' பாலே முதன்முதலாக அரங்கேறியபோது நடந்த ரகளையை விலாவாரியாகச் சொன்னேன். கூச்சல், கேலி, மேடையில் ஆடுகிறவர்களுக்கு வாத்தியம் கேட்காத நிலைமை. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு இசையைப் போட்டேன். அந்தப் படைப்பு பஸ்ஸூன் என்கிற கட்டைக் குரல் குழல், தன் உச்ச ஸ்தாயியில் போய்த் தனியாக இழையும் ஓர் இசைத்துண்டில்தான் ஆரம்பிக்கும். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர் கேட்டார்: "இதுக்கா சார் அடிச்சுக்கிட்டாங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. சண்டைக் கதை சொல்லி அழைத்தால் ஜனங்கள் சண்டையைத்தான் எதிர்பார்ப்பார்கள். மறுவருஷமே, 1914இல், அதே பாரிஸில் அதே இசையை நடனம் இல்லாமல் கச்சேரியாக வாசித்தபோது ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதையின் விறுவிறுப்பு போய்விடும் என்று நினைத்தேன்.

வரிசையின் பெரிய சிக்கல் ஷோன்பெர்க்கிடம் வரும்போது தெரியும். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களையும் ஒரு வரிசையில் வைத்து, எதற்கும் தனிச் சலுகை கொடுக்காமல் எழுதுகிற முறை அவருடையது. நம் காதுக்கு இது அடிமடியிலேயே கைவைக்கிற காரியம். ராகம் என்றாலே சிலவற்றை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவதுதானே? மோகனத்தில் மத்யமம் எட்டிப் பார்த்தால் தாத்தாக்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கும் அடியில் ஆதார ஷட்ஜம் என்று ஒன்று நிற்கும். ஷோன்பெர்க்கில் "ச எங்கே?" என்று தேடுகிறவருக்குக் கிடைக்காது, அது இருக்கவே கூடாது என்பதுதான் ஏற்பாடு. இதை விளக்கப் போய் நான் நாற்பது நிமிஷம் பேசினேன். பேச்சைப் பாராட்டினார்கள். அடுத்த மாதம் ஐந்து பேர் வந்தார்கள்.

வரலாற்று வரிசையைக் கல்லூரிப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே வருகைப்பதிவு இருக்கிறது.

இரண்டாவதாக முயன்றது சினிமா. இதைச் சிபாரிசு செய்கிறவர்கள் நிறைய, காரணமும் நியாயமானது. கச்சேரி மண்டபத்தில் பத்து நிமிஷம்கூட உட்கார மாட்டாத ஒருவர், திரையரங்கில் லிகெட்டி என்கிற ஹங்கேரிய இசையமைப்பாளரின் இசையைப் பாப்கார்ன் கொறித்தபடி கேட்டுவிடுவார். ஸ்டான்லி குப்ரிக் 1968இல் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்கிற விண்வெளிப் படத்தில் லிகெட்டியின் 'ஆட்மாஸ்ஃபியர்ஸ்', 'ரெக்வியம்', 'லக்ஸ் ஈடெர்னா' எல்லாம் வருகின்றன. லிகெட்டிக்கே முன்கூட்டித் தெரியாமல் வந்தன என்பது தனிக் கதை. 'ஆட்மாஸ்ஃபியர்ஸ்' 1961இல் எழுதப்பட்டது. அதில் பிடித்துக்கொள்ள மெட்டும் இல்லை, தட்டுவதற்குத் தாளமும் இல்லை. முழு ஆர்க்கெஸ்ட்ராவும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களை ஒரே நேரத்தில் நிறுத்தி வைத்திருக்கும். உள்ளே மட்டும் மெதுவாக நிறம் மாறிக்கொண்டே போகும், புகைமூட்டம் நகர்கிற மாதிரி.

படத்தோடு காட்டியபோது கூடம் அசையவில்லை. அதுவரை சரி. அடுத்த மாதம் அதே இசையை விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகப் போட்டேன். ஒரு கல்லூரிப் பெண் முதலில் வாயைத் திறந்தாள்: "பேய்ப் படம் மாதிரி இருக்கு அங்கிள்." எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு எந்த நவீன இசையைப் போட்டாலும் பேய் வந்துவிடும். கதவு திறந்ததுதான். ஆனால் நவீன இசை என்றால் பயம், பயம் என்றால் நவீன இசை என்று எழுதி ஒட்டிய ஓர் அறைக்குள் அல்லவா போய் நின்றோம்!

காதைவிடக் காட்சிக்கும் பெயருக்கும் பலம் அதிகம் என்பதற்கு பெண்டெரெட்ஸ்கி ஒரு நல்ல உதாரணம். போலந்துக்காரர். 52 தந்தி வாத்தியங்களுக்காக அவர் எழுதிய ஒரு படைப்புக்கு முதலில் வைத்த பெயர் அதன் கால அளவு மட்டும்தான்: எட்டு நிமிஷம் 37 விநாடி. வாசிக்கக் கேட்ட பிறகுதான் ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்கான புலம்பல் என்று மாற்றினார். இன்றைக்கு அதைக் கேட்கிற யாருக்கும் அந்தக் கீறல் சத்தங்களில் குண்டுவீச்சு விமானம் கேட்காமல் இருக்காது. பெயர் சொல்லாமல் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். பட்டறையில் தகரம் வெட்டுகிறார்கள் என்றார் ஒருவர், தேனீக் கூட்டம் என்றார் இன்னொருவர். என்னைக் கேட்டால் அந்தத் தேனீக் கூட்டம்தான் கேட்கத் தெரிந்த காதுக்கு முதல் அடையாளம். சினிமாவை முதல் நாள் வைத்தால் தேனீக்கு இடமே இருக்காது. மூன்றாவது வாரம் வைக்கலாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியைச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவார்கள்: ராஜா. இளையராஜாவின் பின்னணி இசையில் வளர்ந்தவர்களுக்கு வயலின் கூட்டம் ஒன்றையொன்று துரத்துவது புதிதில்லை. 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டைத் தியாகராஜருக்கும், ஜெர்மனியின் பழைய மேதை பாக்குக்கும் சமர்ப்பித்திருந்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தபோது, சிம்பொனி என்ற சொல்லையே முதன்முறையாகத் தேடிப் பார்த்த வீடுகள் எத்தனையோ. எங்கள் தெருவிலேயே இரண்டு.

அதனால் இந்தக் கதவு தானாகவே திறந்துகொள்கிறது. சந்தேகமே இல்லை. ஆனால் அது போய்ச் சேர்கிற இடம் பாக். ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து ஓடும் மெட்டுகள், ஒழுங்கான ஸ்வர அடுக்கு, முடிகிற இடத்தில் முடிவது. ராஜாவைக் கேட்டு ஒருவர் பாக்கைப் பிடித்துக்கொண்டால் அது பெரிய லாபம், நான் குறை சொல்லவில்லை. எங்கள் கூட்டத்திலும் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். இரண்டு பேருமே இன்றுவரை பாக் இறந்த 1750ஐத் தாண்டவில்லை. நண்பருடைய கூட்டமோ 1900க்குப் பிறகு.

உள்ளூர் வழியாகவே போகவேண்டும் என்றால், அதிகம் பேர் நடக்காத ஒரு சந்து இருக்கிறது. மோரிஸ் தெலாஜ் என்கிற பிரெஞ்சு இசையமைப்பாளர், ராவெலின் சீடர், 1910களில் 'ராகமாலிகா' என்று ஒரு பாட்டு எழுதினார். கோயம்புத்தூர் தாயி கிராமபோன் தட்டில் பாடிய வள்ளலாரின் அருட்பாவைக் கேட்டு, அதைக் குரலுக்கும் பியானோவுக்கும் எழுதிக்கொண்டது அது. ஒரு ஸ்வரத்தின் கம்பிக்கு அட்டையைக் கொடுத்து அமுக்கி, பியானோவையே கொஞ்சம் மத்தளம் போல ஒலிக்க வைத்திருக்கிறார். தாயியின் பழைய தட்டை முதலில் போட்டு, உடனே தெலாஜைப் போட்டால் கூடத்தில் சிரிப்பும் வரும், ஒரு நிமிஷம் அமைதியும் வரும். பிருகாக்களை பிரெஞ்சுக்காரர் எப்படிக் கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறார் என்று வாய்ப்பாட்டுப் படித்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் இது பத்து நிமிஷ விஷயம். ஒரு மாலையைத் தூக்கி நிறுத்தாது.

இனி அமைதியான வழி. யாருமே வராத அந்த மாதம், நானும் மனைவியும் மட்டும் உட்கார்ந்து கேட்டது ஆர்வோ பேர்ட்டின் 'ஸ்பீகல் இம் ஸ்பீகல்'. 1978. எஸ்டோனியாக்காரர். கண்ணாடிக்குள் கண்ணாடி என்று பொருள். முடிவெட்டும் கடையில் முன்னாலும் பின்னாலும் கண்ணாடி வைத்திருப்பார்களே, அதில் நம் தலை வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருக்குமே, அதேதான். பியானோ மூன்று மூன்று ஸ்வரமாக மெல்ல மேலேறிக்கொண்டே இருக்கும். வயலின் ஒரு ஸ்வரத்திலிருந்து விலகிப் போய் அதற்கே திரும்பும். நம் கணக்கில் சொன்னால் அந்த ஸ்வரம் அந்தர காந்தாரம். ஒவ்வொரு முறையும் ஒரு படி அதிகமாக விலகும், மறுபடி காந்தாரத்துக்கே வந்து நிற்கும். ஒன்பது பத்து நிமிஷம் இவ்வளவுதான் நடக்கிறது. தம்புரா பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் இது அந்நியமாகப் படாது. "ச எங்கே?" என்று தேடவேண்டிய அவசியமே இல்லை.

என் மனைவி முடிவில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மாவரைத்துக்கொண்டே, "நேத்து கேட்டோமே, அதை அனுப்பு" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டு வாங்கிய ஒரே இசை.

இதே வழியில் இன்னும் பெரிய சாட்சி, போலந்தின் குரெட்ஸ்கி 1976இல் எழுதிய மூன்றாவது சிம்பொனி. மெதுவாக, ரொம்ப மெதுவாக நகர்வது. எழுதிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் பெரிதாக யாரும் சீண்டவில்லை. 1992இல் டான் அப்ஷா பாடி, லண்டன் சின்ஃபோனியேட்டா என்கிற குழு வாசித்து வெளிவந்த இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதன் நடுப்பகுதியில் வருகிற வார்த்தைகள் நாஜிக்களின் சிறைச் சுவரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அம்மாவுக்காகக் கிறுக்கி வைத்தவை. நவீன இசை ஜனங்களுக்குப் புரியாது என்கிற பேச்சுக்கு இந்த ஒரு தட்டே பதில்.

அப்படியானால் பேர்ட்டையே முதல் நாள் போட்டுவிடலாமே? ஒருவருக்கு என்றால் கண்டிப்பாக. இரவு பத்து மணிக்கு மேல், ஹெட்ஃபோனில், வீட்டில் எல்லோரும் தூங்கினபிறகு. கூட்டத்துக்கு வேண்டாம். ஒரு தடவை கூட்டத்தில் போட்டேன். நான்காவது நிமிஷத்தில் ஒருவருக்குத் தூக்கம் வந்தது, தப்பில்லை. இன்னொருவர் கண்ணை மூடி முகத்தில் தியானக் களையை வரவழைத்துக்கொண்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் மூடிக்கொண்டார்கள். சவுக்கம் என்கிற மெதுநடை, பக்தி, ஸ்பா மூன்றும் கலந்து போய்விட்டது. "மனசுக்கு ரொம்ப ரிலாக்ஸா இருந்துச்சு" என்றார்கள். அடுத்த மாதம் வெபர்னைப் போட்டபோது, ரிலாக்ஸ் எங்கே என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் மௌனத்தை முதல் நாள் வைக்கலாமா என்று நண்பர் கேட்டார். 1952இல் வுட்ஸ்டாக் பக்கத்தில் ஒரு மர அரங்கில், டேவிட் டியூடர் பியானோ முன்னால் நாலு நிமிஷம் 33 விநாடி ஒரு ஸ்வரமும் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார். வேண்டவே வேண்டாம். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் அதை ஜோக்காகத்தான் சொல்வார்கள். ஆறாவது மாதம் வையுங்கள், மின்விசிறியின் கீச்சுச் சத்தம் எந்த ஸ்ருதி என்று அவர்களே சண்டை போடுவார்கள்.

இப்போது நான் எதைச் சிபாரிசு செய்கிறேன் என்பதற்கு வருகிறேன். முதல் நாள் எடுத்த எடுப்பில் ஸ்பீக்கரைத் தொடவேண்டாம். கைதட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1972இல் எழுதிய 'கிளாப்பிங் மியூசிக்'. வாத்தியம் கிடையாது, இரண்டு பேர், நான்கு கைகள். பன்னிரண்டு மாத்திரைக்கு ஒரே ஒரு சொற்கட்டு. மேற்கத்திய குறிப்பில் பார்த்தால் பூச்சி ஊர்வது போல இருக்கும். நம் சொல்லில் சொன்னால் ஒரு நிமிஷ வேலை: தகதிமி, தகிட, தக, தகிட. நாலு, மூணு, ரெண்டு, மூணு, கூட்டினால் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் கடைசி எழுத்தை விழுங்கிவிட வேண்டும், அந்த இடத்தில் கை சும்மா இருக்கும். அதாவது தகதி–, தகி–, த–, தகி–. எட்டுத் தட்டு, நான்கு இடைவெளி. ரூபக தாளம் தெரிந்தவர்கள் மூன்று எண்ணிக்கைக்குள் நான்கு நான்காக அடக்கிக்கொள்ளலாம்.

முதலில் இரண்டு பேரும் ஒன்றாகத் தட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் அப்படியே தொடர, மற்றவர் முதல் தட்டைப் பிய்த்துக் கடைசியில் ஒட்டிக்கொள்கிறார். இப்போது அவருடையது தகி–, தகி–, த–, தகி–, த என்று ஆகிவிடும். இன்னும் கொஞ்ச நேரம், இன்னொரு மாத்திரை நகரல். பன்னிரண்டாவது நகரலில் இருவரும் மறுபடி ஒன்றாக வந்து சேர்வார்கள். முழுப் படைப்பும் இதுதான், ஐந்து நிமிஷத்துக்குள்.

எங்கள் கூடத்தில் இதைச் செய்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். நாலு நாலு பேராக இரண்டு அணி. முதல் நகரலில் என் அணி கவிழ்ந்தது. சிரிப்பு. மறுபடி. இந்த முறை நகர்கிற அணி தாக்குப்பிடித்தது. நாலைந்து சுற்று போனதும் வங்கிக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தினார். "யாரோ வேற மாதிரி தட்டுறாங்க" என்றார். யாருமே வேறு மாதிரி தட்டவில்லை. இரண்டு அணியின் தட்டும் பின்னிக்கொண்டு மூன்றாவதாக ஒரு நடை எழும்பியிருந்தது. அது எந்த அணியின் கையிலும் இல்லை. காற்றில் மட்டும்தான் இருந்தது. அதை அவர் கேட்டுவிட்டார். நான் நாற்பது நிமிஷம் பேசிப் புரியவைக்காதது அது.

உடனே, கை இன்னும் சூடாக இருக்கும்போதே, ரைக்கின் 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' போட்டேன். 1976. முழுசாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் போட்டது முதல் பதினைந்து நிமிஷம். அதில் நடத்துநர் கிடையாது. வைப்ரஃபோன் என்கிற உலோகப் பட்டை வாத்தியம் வாசிப்பவர் சைகை கொடுக்க மற்றவர்கள் அடுத்த கட்டத்துக்கு நகர்வார்கள். கிளாரினெட்டின் துடிப்புகள் எழும்பி அடங்குகிற நீளம், வாசிப்பவரின் ஒரு மூச்சு நீளம். இதை மட்டும் சொன்னேன், மூன்றே வாக்கியம். கேட்டுக்கொண்டிருந்த பாதிப் பேர் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள்.

லண்டன் சின்ஃபோனியேட்டாவுக்கும் இது தெரிந்திருக்கிறது. 2015இல் அவர்கள் 'கிளாப்பிங் மியூசிக்'கை ஒரு மொபைல் விளையாட்டாகவே வெளியிட்டார்கள். நகர்கிறவருடைய பங்கை நீங்கள் திரையில் தட்டவேண்டும், தப்பினால் அவுட்.

இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. எங்கள் கூட்டத்துக்கு வருகிற மிருதங்கப் பையன் முதல் தடவையிலேயே பன்னிரண்டு நகரலையும் தப்பில்லாமல் தட்டி முடித்துவிட்டு, "இது எங்களுக்கு முதல் வருஷப் பாடம் சார்" என்றான். உண்மை. நம் லய வித்தைக்கு முன்னால் ரைக்கின் கணக்கு சின்னக் கணக்கு. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது என்று அவனிடம் வாதாடினேன். கோர்வை என்கிற தாளக் கணக்கு எங்கே சுற்றினாலும் பாட்டு தொடங்குகிற எடுப்பில் வந்து விழவேண்டும், அந்த விழுகைக்குத்தான் கைதட்டல். ரைக்கிலோ போய்ச் சேர்வதில் பெரிய மகிமை ஒன்றுமில்லை, நடுவில் பதினொரு இடத்தில் நின்று பார்க்கிற வேடிக்கைதான் விஷயம். அவன் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மாதம் தவறாமல் வருகிறான்.

இன்னொரு ஆபத்து, நவீன இசை என்றால் திரும்பத் திரும்ப ஒன்றையே வாசிப்பது என்று நினைத்துவிடுவார்கள். அதற்கு இரண்டாவது வாரத்தில் மருந்து இருக்கிறது. அன்றைக்கு லிகெட்டி, படம் இல்லாமல், பெயர் சொல்லாமல். கையால் தட்டி மூன்றாவது நடையைக் கேட்ட காது, அந்தப் புகைமூட்டத்துக்குள்ளும் எது நகர்கிறது என்று தேட ஆரம்பிக்கும். பேய் வருவது ரொம்பக் குறைந்துவிடுகிறது. படம் மூன்றாவது வாரம். பேர்ட்டை நான் கூட்டத்தில் போடுவதையே விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போகும்போது லிங்க் அனுப்பிவிடுவேன், ராத்திரி கேளுங்கள் என்று.

வருகிறவர்களில் ஆறு பேருக்கு மேல் சினிமாப் பைத்தியங்கள் என்றால் படத்தை முன்னால் இழுத்துக்கொள்ளலாம். குழந்தைகள் வருகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கைதட்டல்தான். வயதானவர்களுக்கு மணிக்கட்டு வலிக்கும், தொடையில் தாளம் போடட்டும். எதுவாக இருந்தாலும் பேச்சு மூன்று நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், பஜ்ஜி இசைக்குப் பிறகுதான். முதலில் வைத்துப் பாருங்கள், தெரியும்.

நண்பருக்கு இதையெல்லாம் சொல்லி, சொற்கட்டை வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. அவரும் அவர் மகளும் சாப்பாட்டு மேஜையில் தட்டியிருக்கிறார்கள். முதல் நகரல் சுத்தம், இரண்டாவதும் தேவலை. மூன்றாவதில் மேஜைமேல் ஏதோ உருள்கிறது, மகள் சிரிக்கிறாள். "இங்கதான் ஒவ்வொரு தடவையும் கை நின்னுடுது, என்ன பண்றது?" என்று கேட்டிருந்தார். எனக்கும் அங்கேதான் நிற்கும் என்று பதில் போட்டேன்.